இன்டர்ன்ஷிப்புக்குக் கிரெடிட்: சேரும் முன்பே கேட்க வேண்டிய கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இன்டர்ன்ஷிப்பை, அதாவது படிக்கும்போதே ஓரிடத்தில் பெறும் பணிப் பயிற்சியை, அதற்குக் கல்லூரி தரும் கிரெடிட் என்ற படிப்பளவு அலகைப் பற்றியவை. தலைமைப் பண்பு, மேலாண்மை, சமூகப் பணி போன்ற பாடங்களை எடுத்திருக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் எல்லையோர ஊர்களிலிருந்து எழுதியிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கி வெளியிடுகிறோம். சிலவற்றுக்கு விரிவாகவும் சிலவற்றுக்கு இரண்டு வரியிலும் விடையளித்திருப்பதற்குக் காரணம் கேள்வியின் தன்மையே. எழுதியவர் மீதான பாரபட்சம் அல்ல.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு மாணவி: பாலக்காடு மாவட்டக் கல்லூரி ஒன்றில் நான்காண்டுப் பட்டப்படிப்பின் மூன்றாம் செமஸ்டரில் இருக்கிறேன். மேலாண்மை என் மேஜர் (முதன்மைப் பாடம்). தலைமைப் பண்பு சார்ந்த தாள்களை விருப்பமாக எடுத்திருக்கிறேன். இன்டர்ன்ஷிப் முடித்தால்தான் பட்டம் என்கிறார்கள். தோழிகள் கோயம்புத்தூரில் கம்பெனிகளைத் தேடுகிறார்கள். அவ்வளவு தூரம் தினமும் போய்வர எங்கள் வீட்டில் விடமாட்டார்கள். எங்கள் ஊர்ப் பால் சங்கத்திலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ செய்தால் கிரெடிட் தருவார்களா? அதைத் தலைமைப் பயிற்சி என்று கல்லூரி ஒப்புக்கொள்ளுமா?

பதில்: தருவார்கள், ஆனால் வரிசை மாறக்கூடாது. கல்லூரியின் எழுத்துப்பூர்வமான அனுமதி முதலில். பயிற்சி அதற்குப் பிறகு. பயிற்சியை முடித்துவிட்டுச் சான்றிதழோடு துறைத்தலைவர் முன்னால் போய் நிற்பவர்கள்தான் ஒவ்வோர் ஆண்டும் சிக்கிக்கொள்கிறார்கள். அவர்கள் செய்த வேலை உண்மையானதாகவே இருக்கலாம். ஆனாலும் கல்லூரி நியமித்த வழிகாட்டி ஆசிரியர் இல்லாமல், முன்கூட்டி ஒப்புக்கொண்ட நோக்கம் இல்லாமல் நடந்த வேலைக்கு மதிப்பெண் போட எந்த ஆசிரியருக்கும் வழி இருக்காது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். கேரளத்தில் 2024 ஜூலையில் தொடங்கிய நான்காண்டுத் திட்டத்தில், மூன்றாண்டோடு விடைபெறுபவர் 133 கிரெடிட்டும் நான்காண்டு படிப்பவர் 177 கிரெடிட்டும் பெற வேண்டும். அந்த 133-இல் இரண்டு கிரெடிட் இன்டர்ன்ஷிப்புக்கு உரியது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பட்டப்படிப்புக் கட்டமைப்பின்படி, பதினைந்து வாரச் செமஸ்டரில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஈடுபட்டால், அதாவது முப்பது மணி நேரம் செலவிட்டால், இன்டர்ன்ஷிப்பில் ஒரு கிரெடிட் ஆகிறது. ஆகவே உங்களுக்கு வேண்டியது அறுபது மணி நேரம். உங்கள் பல்கலைக்கழக விதி இடமளித்தால் விடுமுறையில் நாளுக்கு ஆறு மணி நேரமாகப் பத்து நாளில் முடிக்கலாம். கல்லூரி சம்மதித்தால் சனிக்கிழமைதோறும் நான்கு மணி நேரமாக ஒரு செமஸ்டர் முழுவதும் பரப்பிக்கொள்ளலாம். தலைமை சார்ந்த பயிற்சிக்கு இரண்டாவது வழியே மேல் என்பது என் எண்ணம். பத்து நாளில் ஓர் இடத்தின் நடைமுறையைக் கண்ணால் பார்த்துவிட முடியும். ஆனால் ஒரு முடிவு எடுக்கப்பட்டு, எதிர்ப்பு கிளம்பி, அது திருத்தப்பட்டு நடைமுறைக்கு வருவதைப் பார்க்கச் சில வாரங்களாவது வேண்டும்.

கோயம்புத்தூர் கம்பெனிக்குப் போகிற தோழிகளைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. பெரிய அலுவலகத்தில் பத்து நாள் பயிற்சிக்கு வரும் மாணவிக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு நாற்காலியும், எக்செல் கோப்பில் பெயர்களைச் சரிபார்க்கும் வேலையும், கடைசி நாளில் ஒரு குழுப் புகைப்படமும்தான். அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தலைமை என்ற பாடத்துக்கு அது போதாது. உங்கள் அறிக்கையைத் திருத்தப்போகும் ஆசிரியர் தேடுவது இதைத்தான்: பலர் சம்பந்தப்பட்ட ஒரு காரியத்தில் உங்களுக்கு என்ன பொறுப்பு இருந்தது, யாரை எதற்குச் சம்மதிக்க வைத்தீர்கள், சம்மதிக்காதவரிடம் என்ன செய்தீர்கள்.

இனிப் பால் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் உறுப்பினர்கள் கேனோடு வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவரின் பாலிலும் மாதிரி எடுத்து, கொழுப்பையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் அளந்து, அந்த அளவுக்கேற்ற விலையைச் சீட்டில் போட்டுக் கொடுப்பார்கள். அதே மாடு, அதே தீவனம்; நேற்று 4.2 காட்டிய கொழுப்பு இன்று 3.8 ஆனது எப்படி என்று ஒரு பெரியம்மா கேட்பார். அளப்பவருக்குப் பதில் சொல்ல நேரமிருக்காது. பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே போவார், அடுத்த வாரம் தனியார் வண்டிக்கு ஊற்றத் தொடங்கிவிடுவார். இந்த ஒரு கேள்வியை நீங்கள் கையிலெடுக்கலாம். கறவையின் தொடக்கத்தில் வரும் பாலில் கொழுப்பு குறைவாகவும் கடைசியில் வரும் பாலில் அதிகமாகவும் இருக்கும். கன்றுக்கு எந்த நேரத்தில் விடுகிறார்கள், காலைப் பாலா மாலைப் பாலா, பசுந்தீவனமா உலர்தீவனமா என்பதைப் பொறுத்தும் அளவு மாறும். மாதிரி எடுக்கும் முன் கேனை நன்றாகக் கலக்காவிட்டாலும் மாறும். இவற்றையெல்லாம் கால்நடை மருத்துவரிடமும் சங்கச் செயலாளரிடமும் கேட்டறிந்து, தமிழில் ஒரு தட்டி எழுதி வைத்து, புகார் சொல்ல விரும்புபவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் மறு அளவை செய்து காட்டலாம் என்ற யோசனையை இயக்குநர் குழுவின் முன் வைத்து, அவர்கள் அதை ஏற்றாலும் மறுத்தாலும் அதன் காரணத்தைப் பதிவு செய்தீர்களானால், இரண்டு கிரெடிட்டுக்கு உரிய தலைமைப் பயிற்சி அதில் முழுமையாக அடங்கிவிடும். குழு மறுத்தால் கிரெடிட் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். மறுப்பை நன்றாக எழுதிய அறிக்கை, எல்லாம் சுபமாக முடிந்ததாகச் சொல்லும் அறிக்கையைவிட நம்பத்தக்கது.

பஞ்சாயத்தை விரும்பினால் கிராமசபையைச் சார்ந்த வேலையைக் கேட்டு வாங்குங்கள். கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி கிராமசபை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். வார்டின் வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாவதற்கான குறைந்தபட்ச வருகை. கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது எவ்வளவு பாடு என்பது வார்டு மெம்பருக்குத் தெரியும். சித்தூர் வட்டத்தின் பல வார்டுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. நோட்டீசும் தீர்மானமும் மலையாளத்தில் இருக்கும். வந்து உட்காரும் பெண்கள் பேசுவது தமிழ். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களோடு தம் மொழியிலேயே எழுத்துத் தொடர்பு வைத்துக்கொள்ளக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லிருந்தே இடமளிக்கிறது. ஆனாலும் பென்ஷன் விண்ணப்பத்தை மலையாளத்தில் எழுதித் தர ஆள் தேடி அலைபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் வார்டில் அடுத்த கிராமசபைக்கு முன் தமிழ் நோட்டீஸ் தயாரித்து, அயல்கூட்டங்கள் எனப்படும் பெண்கள் சுயஉதவிக் குழுக்களின் வழியாக அதைக் கொண்டுபோய்ச் சேர்த்து, வந்தவர்களின் எண்ணிக்கை முந்தைய கூட்டத்தோடு ஒப்பிட எப்படி மாறியது என்று பதிவேட்டைப் பார்த்து எழுதலாம். இரண்டு மொழியும் எழுதப் படிக்கத் தெரிந்த மாணவிக்கு எல்லையில் இருக்கும் மதிப்பு கோயம்புத்தூரில் இல்லை.

அனுமதிக் கடிதத்தோடு ஒரு பக்க ஒப்பந்தத்தையும் நீங்களே தயாரித்துக்கொண்டு போவது நல்லது. என்ன கற்கப் போகிறீர்கள், எந்தப் பொறுப்பை ஏற்கிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, மொத்தம் எத்தனை மணி நேரம், சங்கத்தில் உங்களை மேற்பார்வையிடுபவர் யார், கல்லூரியில் வழிகாட்டி யார், கடைசியில் எதைச் சமர்ப்பிப்பீர்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். மூவரும் கையெழுத்திட்ட பிறகு மூன்று பிரதிகள் எடுத்து ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ச் சங்கத்துச் செயலாளரிடம் இப்படிக் கையெழுத்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்று சிலர் தயங்குகிறார்கள். அவர் தினமும் நூறு சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர், இதற்கெல்லாம் வருத்தப்படமாட்டார்.

மூணாறிலிருந்து ஒரு தந்தை: எஸ்டேட்டில் வேலை செய்கிறேன். மகன் பி.காம். படிக்கிறான். ஆன்லைனில் ஒரு நிறுவனம் 'லீடர்ஷிப் இன்டர்ன்ஷிப்' தருவதாகவும், பணம் கட்டினால் ஒரு மாதத்தில் சான்றிதழ் வரும் என்றும் சொல்கிறது. கல்லூரி அதை ஏற்கும் என்றும் அவர்களே உறுதி கொடுக்கிறார்கள். கட்டலாமா? பிரதமர் பெயரில் ஓர் இன்டர்ன்ஷிப் திட்டம் இருப்பதாகவும், அதில் மாதாமாதம் பணம் தருவதாகவும் கேள்விப்பட்டேன்.

பதில்: கட்டாதீர்கள். கிரெடிட்டைக் கொடுப்பது கல்லூரியும் பல்கலைக்கழகமும்தான். அவற்றின் சார்பில் உறுதி கொடுக்க வெளியார் எவருக்கும் அதிகாரம் கிடையாது. கல்லூரியின் இன்டர்ன்ஷிப் ஒருங்கிணைப்பாளரிடம் அந்த நிறுவனத்தின் பெயரை மகன் காட்டட்டும். அவர் எழுத்தில் சரி என்று சொல்லாதவரை ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். வேலை செய்கிறவனுக்கு உதவித்தொகை தருவது உலக வழக்கம், தராமல் விடுவதும் உண்டு. வேலை செய்கிறவனிடமே வாங்குவது எந்தக் கணக்கில் சேரும் என்று மகனிடமே கேளுங்கள்.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. தொடங்கியபோது வகுத்த விதிகளின்படி 21 முதல் 24 வயது வரையுள்ளவர்கள் பெரிய நிறுவனங்களில் பன்னிரண்டு மாதம் பயிற்சி பெறலாம், மாதம் ரூ.5,000 உதவித்தொகையும், சேரும்போது ஒரு முறை ரூ.6,000-உம் உண்டு. ஆனால் அந்த விதிகளின்படி முழுநேரப் படிப்பில் இருப்பவர்கள் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. ஆகவே மகன் பட்டம் முடித்த பிறகு யோசிக்க வேண்டிய திட்டம் அது. இப்போது தேவைப்படும் கிரெடிட்டுக்கு உங்கள் தேவிகுளம் வட்டத்திலேயே கூட்டுறவு வங்கி, பஞ்சாயத்து, தொழிற்சங்க அலுவலகம், நூலகம் என்று இடங்கள் இருக்கின்றன. தொழிற்சங்கத்தைக் குறிப்பாகச் சொல்கிறேன். கூலிப் பேச்சுவார்த்தைக்கு முன் கோரிக்கைப் பட்டியல் தயாராகும் விதத்தை அருகிலிருந்து பார்ப்பதைவிடச் சிறந்த தலைமைப் பாடம் வணிகவியல் மாணவனுக்குக் கிடைப்பது அரிது. கட்சிச் சார்பு என்று கல்லூரி தயங்கினால், கூலிக் கணக்கீடு, வருங்கால வைப்புநிதிப் பதிவுகள் என்ற வரம்புக்குள் தலைப்பை வைத்துக்கொள்ளலாம்.

குப்பத்திலிருந்து ஒரு மாணவன்: ஆந்திரத்தில் பட்டப்படிப்பு. எங்களுக்குப் பத்து மாத இன்டர்ன்ஷிப் என்று சொன்னார்கள். முதலாண்டு முடிவில் சமுதாயப் பணித் திட்டம் செய்தேன். உண்மையைச் சொன்னால், சீனியர் ஒருவரின் அறிக்கையில் ஊர்ப் பெயரை மாற்றிக் கொடுத்தவர்கள் எங்கள் வகுப்பில் உண்டு. இனி ஆறு மாதப் பயிற்சி வரப்போகிறது. எனக்குத் தலைமைத் துறையில் மேற்படிப்பு படிக்க ஆசை. எப்படிப் பயன்படுத்திக்கொள்வது?

பதில்: கேரளத்து மாணவிக்கு இரண்டு கிரெடிட், உங்களுக்கோ அது பட்டத்தின் ஒரு பெரும்பகுதி. ஆந்திர மாநில உயர்கல்விக் குழு 2020-21-இல் கொண்டுவந்த பாடத்திட்டம் பத்து மாத இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கியது. முதலாண்டுக்குப் பின் இரண்டு மாதச் சமுதாயப் பணித் திட்டம், இரண்டாம் ஆண்டுக்குப் பின் இரண்டு மாதப் பயிற்சி, மூன்றாம் ஆண்டில் ஒரு முழுச் செமஸ்டர் என்று அது பிரிக்கப்பட்டது. பாடத்திட்டம் அவ்வப்போது திருத்தப்படுவதால், நீங்கள் சேர்ந்த ஆண்டுக்குரிய விதியைக் கல்லூரி அலுவலகத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஊர்ப் பெயரை மாற்றிக் கொடுத்த வகுப்புத் தோழர்களைப் பற்றி: அவர்களுக்குக் கிரெடிட் கிடைத்திருக்கும், அதை மறுப்பதற்கில்லை. நேர்முகத் தேர்வில் 'உங்கள் சர்வேயில் தண்ணீர்க் குழாய் எத்தனை வீட்டில் இருந்தது' என்று கேட்டால் அவர்களிடம் விடை இருக்காது. நீங்கள் அந்தத் திட்டத்தை ஒழுங்காகச் செய்திருந்தால் ஆறு மாதப் பயிற்சிக்கு அதையே அடித்தளமாக்கலாம். சமூகப் பொருளாதார சர்வே எடுத்த ஊருக்கே திரும்பிப் போங்கள். அப்போது கண்ட சிக்கல்களில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதில் வேலை செய்யும் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், தொண்டு நிறுவனம் ஆகியவற்றில் ஒன்றில் சேருங்கள். குப்பம் வட்டாரத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர்களும் தக்காளி பயிரிடுபவர்களும் இருக்கிறார்கள். தக்காளி விலை விழும்போது விவசாயிகள் சேர்ந்து விற்க முடியாமல் போவதற்குக் காரணம் என்ன என்று ஆறு மாதம் உடனிருந்து பார்த்தவன் எழுதும் அறிக்கை, எந்த மேற்படிப்புக்கான விண்ணப்பத்திலும் நிற்கும். உங்களுக்குத் தமிழ், தெலுங்கு, எல்லைக்கு அப்பால் கொஞ்சம் கன்னடமும் வரும் என்று நம்புகிறேன். மூன்று மாநில வியாபாரிகளும் வந்துபோகும் சந்தையில் அதுவும் ஒரு மூலதனம்.

ஆறு மாதம் என்றால் முதல் இரண்டு மாதம் வெறுமனே சொன்னதைச் செய்யுங்கள். மூன்றாம் மாதத்தில் ஒரு சிறு பொறுப்பைக் கேளுங்கள். வந்த வாரமே யோசனை சொல்லத் தொடங்குகிற மாணவனை எந்தச் சங்கத்திலும் யாருக்கும் பிடிப்பதில்லை, அவன் சொல்வது சரியாகவே இருந்தாலும்.

பாலக்காட்டிலிருந்து ஒரு தாய்: என் அக்கா மகள் அமெரிக்காவில் கல்லூரியில் படிக்கிறாள். 'லீடர்ஷிப்' அவளுடைய மைனர் (துணைப் பாடம்). கோடையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்கிறாள். அதற்குக் கிரெடிட் பெறக் கல்லூரிக்குப் பணமும் கட்டுகிறாள். வேலையும் செய்து, பணமும் கட்டுவதா? நீங்கள் இங்கே கூடாது என்று சொல்வதை அங்கே சரி என்பீர்களா?

பதில்: நியாயமான கேள்வி. அங்கே அவள் பணம் கட்டுவது வேலை கொடுத்த நிறுவனத்துக்கு அல்ல, கல்லூரிக்கு. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் கட்டணமே கிரெடிட் கணக்கில்தான் வசூலிக்கப்படுகிறது. கோடையில் மூன்று கிரெடிட் பதிவு செய்தால், அது வகுப்பறைப் பாடமானாலும் இன்டர்ன்ஷிப் ஆனாலும் அதற்குரிய கட்டணம் உண்டு. அதற்கு ஈடாக ஒரு பேராசிரியர் அவளை வழிநடத்தி, வாரந்தோறும் அவள் எழுதுவதைப் படித்து, கிரேடு போடுகிறார். அந்தப் படிப்பும் திருத்தமும் நடக்கவில்லையானால் அவள் புகார் செய்ய வேண்டும்.

தலைமையை இளநிலையில் தனிப் பாடமாகவே கற்பிக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது. ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தின் ஜெப்சன் பள்ளி 1992-இல் அதற்கென்றே திறக்கப்பட்டது; அதன் மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் பாடத்தின் ஓர் அங்கம். சம்பளமில்லாப் பயிற்சியைப் பற்றி அந்நாட்டுத் தொழிலாளர் துறை 2018-இல் ஏழு அளவுகோல்களை வெளியிட்டது. தனியார் லாப நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அவற்றின் சாரம், பயிற்சியால் முதன்மையாகப் பயன் பெறுபவர் மாணவரா முதலாளியா என்று பார்ப்பது. படிப்போடும் கிரெடிட்டோடும் பயிற்சி இணைந்திருக்கிறதா, கல்லூரி நாட்காட்டிக்கு அது இடையூறாக இல்லையா, சம்பளம் பெறும் ஊழியரின் வேலையை மாணவர் பிடுங்கிக்கொள்கிறாரா என்பவையும் அவற்றில் அடங்கும். அமெரிக்கச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது என்றாலும், இந்தக் கேள்விகளை இங்கேயும் ஒரு மாணவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வதில் தவறில்லை. விடுப்பில் போன குமாஸ்தாவின் நாற்காலியில் இரண்டு மாதம் உட்கார வைத்துவிட்டு அதற்கு இன்டர்ன்ஷிப் என்று பெயர் சூட்டும் இடங்கள் நம் பக்கமும் குறைவில்லை.

நல்லேபிள்ளியிலிருந்து என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) தொண்டர் ஒருவர்: இரண்டாண்டில் 240 மணி நேரம் சேவை செய்கிறோம். தொண்டர் செயலாளராக முகாமை நான்தான் நடத்தினேன். அதையே இன்டர்ன்ஷிப்பாகக் காட்டலாமா?

பதில்: அதே மணி நேரத்தை இரண்டு இடத்தில் எழுத முடியாது. ஆண்டுக்கு 120 மணி நேரம் என்பது என்.எஸ்.எஸ். சான்றிதழுக்கான கணக்கு; அதற்கென்று தனியே கிரெடிட்டோ கிரேஸ் மார்க்கோ உங்கள் பல்கலைக்கழகம் தந்தால் அந்த வழியில் பெற்றுக்கொள்ளுங்கள். ஆனால் முகாமில் தொடங்கிய வேலையை முகாமுக்குப் பிறகு ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து தொடர்வது புதிய மணி நேரம். ஏழு நாள் முகாமில் நீங்கள் சுத்தம் செய்த கால்வாய் ஆறு மாதத்தில் மறுபடி அடைத்துக்கொண்டிருக்கும். அது அடைக்காமலிருக்கப் பாசனச் சங்கத்தோடு உட்கார்ந்து முறை வைப்பதுதான் கடினமான பகுதி, தலைமைப் பாடத்துக்கு உகந்ததும் அதுதான். தனித் தேதிகளோடும் தனிப் பதிவேட்டோடும் அதற்கு அனுமதி கேளுங்கள்.

கோவிந்தாபுரத்திலிருந்து: வீடு கேரளத்தில், படிப்பது பொள்ளாச்சியில். கேரளப் பஞ்சாயத்தில் பயிற்சி செய்தால் தமிழ்நாட்டுக் கல்லூரி ஏற்குமா?

பதில்: மாநில எல்லை தடையில்லை, உங்கள் கல்லூரியின் அனுமதிதான் முக்கியம். பஞ்சாயத்து தரும் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும், மலையாள முத்திரையைப் படிக்க முடியாமல் தேர்வுப் பிரிவு திருப்பி அனுப்பும் வாய்ப்பைக் குறைக்கலாம். மாணவர்களின் கிரெடிட்டைக் கணினியில் சேர்த்து வைக்கும் கிரெடிட் வங்கியில் உங்கள் பல்கலைக்கழகம் இணைந்திருந்தால், அபார் எனப்படும் பன்னிரண்டு இலக்க மாணவர் அடையாள எண்ணைக் கல்லூரியில் கொடுத்து, செமஸ்டர் முடிந்ததும் கிரெடிட் உங்கள் கணக்கில் ஏறிவிட்டதா என்று டிஜிலாக்கரில் பாருங்கள். பெயரிலோ இனிஷியலிலோ ஆதாருக்கும் கல்லூரிப் பதிவுக்கும் வித்தியாசம் இருந்தால் அதை இப்போதே திருத்துங்கள். தமிழ்நாட்டில் முன்னால் போடும் இனிஷியல் கேரளத்துப் பள்ளிச் சான்றிதழில் பின்னால் போய்விடுவதால் வரும் தொல்லை எல்லையில் இருக்கும் எல்லோருக்கும் பழக்கமானதுதான்.

பெயர் வெளியிட விரும்பாத மாணவி: நான் பயிற்சிக்குப் போகும் சிறிய அலுவலகத்தில் ஆறு பேர்தான். மேற்பார்வையாளர் பேசும் விதம் சரியில்லை. புகார் செய்தால் சான்றிதழ் கொடுக்கமாட்டார், கிரெடிட் போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

பதில்: நாளையிலிருந்து அங்கே போக வேண்டாம். இன்றே கல்லூரியின் வழிகாட்டி ஆசிரியரிடமோ, கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடமோ எழுத்தில் சொல்லுங்கள். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சி பெறுபவரையும் ஊழியராகவே கருதுகிறது. சம்பளம் பெறுகிறீர்களா இல்லையா என்பது பொருட்டல்ல. பத்துப் பேருக்குக் குறைவான அலுவலகம் என்பதால் அங்கே தனிக் குழு இருக்காது. மாவட்ட அளவிலுள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் இதுவரை செய்த மணி நேரத்துக்கு உங்கள் நாட்குறிப்பே சான்று. மீதியை வேறோர் இடத்தில் முடிக்க ஏற்பாடு செய்து தருவது கல்லூரியின் பொறுப்பு. அந்தச் சான்றிதழுக்காக ஒரு நாளும் பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

சித்தூரிலிருந்து (பாலக்காடு) ஒரு மாணவர்: நாட்குறிப்பில் என்ன எழுதுவது? தினமும் 'அலுவலகம் சென்றேன், பணிகளைக் கவனித்தேன்' என்றுதான் எழுதுகிறேன். ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பதில்: ஆசிரியர் செய்தது சரி. நீங்கள் அனுப்பியிருக்கும் பக்கங்களில் பதினாலாம் தேதியையும் பதினைந்தாம் தேதியையும் இடம் மாற்றி வைத்தாலும் எவருக்கும் தெரியாது. நாட்குறிப்பு அப்படி இருந்தால் கிரெடிட் போடும் ஆசிரியர் எதைப் பார்த்துப் போடுவார்?

ஒரு மாதிரி தருகிறேன். கேரளத்துப் பெண்கள் சுயஉதவிக் குழுக்களின் அமைப்பான குடும்பஸ்ரீயின் வார்டு அளவிலான கூட்டத்தில் ஒரு மாணவர் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 'மாலை மூன்று முதல் ஐந்தரை மணி வரை. ஊறுகாய் யூனிட்டுக்குப் புதுக் கடன் எடுப்பது பற்றிப் பேச்சு. பழைய கடனில் இரண்டு தவணை பாக்கி இருப்பதாக ஓர் அயல்கூட்டத் தலைவி சொன்னார். அதுவரை சம்மதமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அடங்கிவிட்டார்கள். தலைவர் வாக்கெடுப்புக்கு விடாமல், பாக்கி வைத்தவர்களிடம் தனியாகப் பேசிவிட்டு அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்றார். கணக்கு நோட்டைப் பார்த்துத் தவணை விவரம் எடுத்துத் தரும் வேலை எனக்கு வந்தது. வாக்கெடுப்பை ஏன் தள்ளிவைத்தீர்கள் என்று பிறகு கேட்டேன். தோற்றுப்போனவர்கள் அடுத்த வாரம் சேமிப்புப் பணத்தோடு வரமாட்டார்கள் என்றார்.' பத்து வரிதான். நேரம் இருக்கிறது, நிகழ்ச்சி இருக்கிறது, உங்கள் வேலை இருக்கிறது, நீங்கள் கேட்ட ஒரு கேள்வியும் அதற்குக் கிடைத்த பதிலும் இருக்கின்றன. கடனாளிகளின் பெயர் இல்லை என்பதையும் கவனியுங்கள். அடுத்த வீட்டுக்காரரின் பாக்கியைக் கல்லூரி அறிக்கையில் ஏற்றினால், அதற்குப் பிறகு உங்கள் கல்லூரி மாணவர் எவரையும் அந்த வார்டில் உள்ளே விடமாட்டார்கள்.

அன்றன்றைக்கே எழுதிவிடுங்கள். மாதக் கடைசியில் ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதிய நாட்குறிப்பு பார்த்த கணமே தெரிந்துவிடும். வாரக் கடைசியில் மேற்பார்வையாளரின் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தையும் மதியச் சாப்பாட்டு நேரத்தையும் அறுபது மணியில் சேர்க்க வேண்டாம். இறுதி அறிக்கையை நாட்குறிப்பிலிருந்து எடுத்து எழுதினால் பதினைந்து பக்கம் தானாக வரும்; நிறுவனத்தின் வரலாற்றை அதன் இணையதளத்திலிருந்து எடுத்து முதல் பத்துப் பக்கத்தை நிரப்பும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், வாய்மொழித் தேர்வில் அந்தப் பக்கங்களிலிருந்து எவரும் கேள்வி கேட்பதில்லை. திருப்பிக் கொடுத்த பக்கங்களை நினைவிலிருந்து இட்டு நிரப்ப முயலாமல், அத்தனை நாட்களுக்கும் அலுவலகப் பதிவேட்டில் உள்ள வருகைக் குறிப்பின் நகலை இணைத்து, இனி வரும் நாட்களிலிருந்து மேலே சொன்னபடி எழுதப்போவதாக ஆசிரியரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்.